அசல் போலி மான்கொம்பு

என்னிடம் இருபதுக்கும் மேற்பட்ட மடக்குக் கத்திகள் இருக்கின்றன. எனக்கு ஒரு கொய்யாப்பழத்தை ஒழுங்காக நறுக்கத் தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் காய் நறுக்குவது மனைவி, பழம் நறுக்குவது மனைவி, தபாலில் பார்சல் வந்தால் பிரிப்பதும் மனைவி. பார்சலுக்குள் இருப்பது பெரும்பாலும் இன்னொரு மடக்குக் கத்தி. அதைப் பிரிக்க அவள் சமையலறைக் கத்தியைத்தான் எடுத்து வருவாள்.

சரி, பின்னே ஏன் சேர்த்தாய் என்று கேட்டால், அதற்கு எங்கள் தெருவின் ஆயுத பூஜையைச் சொல்ல வேண்டும்.

தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் ஏற்பட்ட முறை அது. சுரங்கத்தை மூடிவிட்டார்கள், முறையை மூட யாருக்கும் தோன்றவில்லை. சங்கக் கட்டடத்தில் மூன்று வரிசையாகப் பெஞ்சு போடுவார்கள். வீட்டுக்கு வீடு ஆயுதம் கொண்டுவந்து வைக்கலாம். முதல் வரிசை, சுரங்கத்துக்குள்ளே போய்வந்த பொருள்களுக்கு மட்டும். விளக்கு, ஹெல்மெட், பாறை துளைத்த கம்பி, கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் ஏறி இறங்கியது என்றால் நசுங்கின டிபன் டப்பாகூடச் சரி. இரண்டாம் வரிசை தொழிற்சாலைக்காரர்களுக்கு. ஸ்பேனர், அளவுக் கருவி, வெல்டிங் கண்ணாடி. மூன்றாம் வரிசை மற்றவர்களுக்கு. தையல் மெஷின், ஆட்டோ சாவி, பரோட்டாக் கரண்டி.

நான் மற்றவர்களில் ஒருவன். விடிந்ததும் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் ஓர் ஆபீஸில் உட்கார்ந்துவிட்டு, இருட்டியதும் திரும்புகிறவன். அப்பாவும் தாத்தாவும் ஸ்கெலட்டன் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்து சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். அப்பாவின் விளக்கும் ஹெல்மெட்டும் என் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டன, மூத்தவன் உரிமை. எனக்கென்று ஆயுதம் ஏதும் இல்லை. ஒரு வருஷம் யோசித்துப் பார்த்து, கம்ப்யூட்டர் மவுஸைக் கொண்டுபோய் மூன்றாம் வரிசையில் வைத்து, அதன் முதுகில் சந்தனமும் குங்குமமும் இட்டேன்.

பெஞ்சு வரிசைகளுக்கு அதிகாரி எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன். கனரகத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையும் மாலையும் மணியடித்துப் பூஜை செய்கிறவர். மற்ற நேரங்களில் என்னை வைத்துச் செய்வார்.

"இன்னா தம்பி, எலிக்கு விசேஷமா? புள்ளையாரு சதுர்த்தி போன மாசமே முடிஞ்சி போச்சே" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் விளக்கு அணைந்து மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று.

அடுத்த ஞாயிறே பெங்களூர்ப் பழைய சாமான் சந்தையில் என் முதல் கத்தியை வாங்கினேன்.

எத்தனையோ கத்திகள் இருக்க, பொய் மான்கொம்புப் பிடி போட்டவை மேல் எனக்கு ஏன் மனசு போயிற்று என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அந்தக் காலத்து செல்லுலாய்டில் செய்த பிடிகள் அவை. அசல் கொம்பின் மேடு பள்ளம், பள்ளத்தில் தீய்ந்த பழுப்பு, மேட்டில் வெண்ணெய் மஞ்சள், நடுவே ஓடும் வரி, எல்லாம் அச்சில் வார்த்து சாயம் ஏற்றியது. உற்றுப் பார்த்தால் இரண்டு பக்கத்து வரியும் ஒன்றேபோல் இருக்கும். மான் அப்படியெல்லாம் கொம்பு வளர்க்காது. ஆனால் ஒரு பொருள் தான் இல்லாத ஒன்றாகத் தெரிய இவ்வளவு பாடுபடுவதைப் பார்த்தால் எனக்கு அதனுடன் ஏதோ உறவு இருப்பதுபோல் தோன்றும். சுரங்கக்காரன் மகன், ஆபீஸில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் அல்லவா.

ஆக, என் கத்திகள் போலி என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே வாங்கினேன். ஒன்றே ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று என் மாமனாருடையது. பெண் பார்க்கப் போன அன்று பழத்தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. பெண்ணைப் பார்க்க வெட்கமாக இருந்ததால் கத்தியைப் பார்த்தேன். கையில் எடுத்து, படித்த மாப்பிள்ளைக்கு உரிய மிடுக்கோடு, "மான்கொம்பா மாமா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். சீமைக்குத் திரும்பிப்போன கடைசி துரை ஒருவர், தானே சுட்ட மானின் கொம்பில் பிடி போட்டு வைத்திருந்த கத்தி அது. மாமனார் சுரங்கத்துக்குள் வெடி வைக்கிறவர். திரி வெட்டுவதில் அவர் கை சுத்தத்தைப் பார்த்து மெச்சி, துரை தன் இடுப்பிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாராம். அன்றைக்கே எனக்குப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

மாமனார் காலமான பிறகு கத்தி என் மனைவியிடம் வந்தது. அவள் அதைத் தன் பட்டுப்புடவைப் பெட்டியில், பாச்சா உருண்டைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். அப்பாவுடையது என்று அவளிடம் இருந்த ஒரே பொருள்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு என் கத்திகளைச் சிவப்பு வெல்வெட் தட்டில் அடுக்கி மூன்றாம் வரிசையில் வைத்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார்.

"பிளாஸ்டிக்கா தம்பி?"

"செல்லுலாய்ட் அண்ணே."

"அதான் கேக்கறேன், பிளாஸ்டிக்கா?"

அந்த ஒரு கேள்வியை ஒரு வருஷம் முழுக்க மென்றுகொண்டிருந்தேன். இந்த வருஷம் மனைவியிடம் கெஞ்சி மாமனார் கத்தியையும் வாங்கித் தட்டின் நடுவே வைத்தேன். முன்னால் ஓர் அட்டை நிறுத்தினேன். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதினேன்: அசல் மான்கொம்புப் பிடி போட்ட பழங்காலக் கத்திகள். நடுவில் இருக்கிற ஒன்றை நினைத்துக்கொண்டு எழுதினால் மற்றவற்றுக்கும் அது கொஞ்சம் ஒட்டட்டுமே என்று என் கணக்கு.

கூட்டம் கூடியது. மூன்றாம் வரிசைக்கு முன்னால் அப்படிக் கூட்டம் கூடி யாரும் பார்த்ததில்லை. நானும் பேசினேன். துரையைப் பற்றி, மானைப் பற்றி, மானைச் சுட்ட காட்டைப் பற்றி. மாமனார் சொன்ன கதையில் காடே கிடையாது, நானாக வளர்த்தேன். யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். நான் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்தில் பக்கத்து வீட்டு அண்ணனின் மாப்பிள்ளையும் இருந்தார். பண்டிகைக்கு வந்திருந்தார். வனத்துறைக்காரர், பூதிகோட்டைப் பக்கம் ராகிக் கொல்லைகளில் யானை இறங்கினால் விரட்டுகிற பொறுப்பு அவருக்கு. நல்ல மனிதர். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. சாப்பாடு, குழந்தைகள், மாமியார் வீடு எல்லாம் தமிழில் பேசுவார். சட்டம் என்றால் கன்னடத்துக்கு மாறிவிடுவார். வேண்டுமென்று செய்வதில்லை, வேலையில் பழகின நாக்கு.

அவர் அட்டையைத் தமிழில் படித்தார், கன்னடத்தில் படித்தார், இங்கிலீஷில் படித்தார். மூன்றிலும் ஒரே பொய்தான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, இதெல்லாம் அசல் கொம்புதானா என்று கன்னடத்தில் கேட்டார்.

நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பக்கம் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அசல்தான், சந்தேகமே வேண்டாம் என்று நானும் கன்னடத்தில், இலக்கண சுத்தமாகப் பதில் சொன்னேன்.

மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். என்னைத் தனியே அழைத்துப்போய், மான்கொம்பை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்று விளக்கினார். விற்றால்தான் குற்றம் என்றில்லை, மானை யார் எப்போது சுட்டது என்றும் இல்லை, வைத்திருந்தாலே போதும்.

"ஐயோ, அதெல்லாம் போலிங்க" என்றேன்.

"இப்ப தானே சார் அசல்னீங்க?"

"அது சும்மா சொன்னது."

"அட்டை?"

"அதுவும் சும்மா எழுதினது."

அவர் செல்போனை எடுத்துக் காட்டினார். தெரு குரூப்பில் என் சொற்பொழிவு அதற்குள் வந்துவிட்டிருந்தது. நான் கையை நீட்டிக் காட்டைக் காட்டிக்கொண்டிருந்தேன். "நான் இன்னா செய்யட்டும் சார், நீங்களே சொல்லுங்க. கண்டும் காணாம போனா, மாமனார் தெருவுன்னு விட்டுட்டான்னு பேசுவாங்க. ஞாயித்துக்கெழம வரேன். எல்லாத்தையும் மாமா வீட்டுக்கு எடுத்துக்கினு வாங்க. போலின்னா உங்க பாடு. கொம்புன்னா..." இந்த இடத்தில் கன்னடத்துக்கு மாறினார். கொம்பு எதுவோ அதை எடுத்துக்கொண்டு போய் எழுதிப் பதிவு செய்தாக வேண்டும் என்பது அதன் சாரம்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் போய் முறையிட்டேன். "அண்ணே, போன வருஷம் நீங்களே சொன்னீங்களே, பிளாஸ்டிக்குன்னு."

"போன வருஷம் எனக்கு வெவரம் பத்தல தம்பி" என்றார். "இந்த வருஷம் நீ பேசினதைக் கேட்டதும் கண்ணு தொறந்துடுச்சு. அந்த மான் குப்புற வுழுந்தது எனக்கு அப்படியே தெரியுது."

பொய்யை நன்றாகச் சொல்கிறவனுக்கு இப்படி ஒரு தண்டனை உண்டு என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். அப்பா கத்தியையும் காட்ட வேண்டியிருக்கும் என்றேன். "காட்டுங்க" என்றாள். கடாயில் கறிவேப்பிலையைப் போட்டாள். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

என் தட்டில் இருந்தவற்றைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. செல்லுலாய்டைக் கற்பூரம் சேர்த்துத்தான் செய்வார்கள். எவ்வளவு காலமானாலும் அந்த வாசனை உள்ளேயே இருக்கும், சூடு பட்டால் வெளியே வரும். வெந்நீரில் முக்கி எடுத்து முகர்ந்தால் தெரிந்துவிடும். கத்திகள் இருக்கிற பீரோவைத் திறக்கும்போதெல்லாம் மனைவி, "இன்னாங்க இது, கோயிலுக்குள்ள போன மாதிரி கீது" என்பாளே, அது இந்த வாசனைதான்.

மாமனார் கத்தி அந்தப் பீரோவில் இருந்ததே இல்லை. முகர்ந்து பார்த்தேன், பாச்சா உருண்டை நாற்றம் மட்டும் மூக்கில் ஏறியது. வெந்நீர் வைத்துப் பார்த்துவிட்டிருக்கலாம். வைக்கவில்லை. அது அசல் என்று தெரிந்துவிட்டால், தெரிந்துகொண்டே அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற தெம்பு எனக்கு இல்லை. என் வாய்க்கொழுப்பால் அவளுடைய அப்பாவின் ஒரே பொருள் எங்கேயோ ஓர் அலமாரியில் சீல் வைத்துக் கிடக்கப்போகிறது. அதற்குப் பிறகு மான் என்ற சொல்லை நான் வீட்டில் உச்சரிக்கவில்லை. கத்தி என்றும் சொல்லவில்லை. ரயிலில் வழக்கமான சீட்டுக் கோஷ்டி துரை கதையைக் கேட்டபோது தூங்குவதுபோல் நடித்தேன்.

ஞாயிறு அன்று வெல்வெட் தட்டும் அட்டையுமாகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். கிளம்பும்போது மனைவி, "ஈரமாயிடுச்சுன்னா தொடச்சி எடுத்துக்கினு வாங்க, துரு புடிச்சிடும்" என்றாள். திரும்பி வரும் என்று நம்புகிறாளே என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன்.

கூடத்தில் ஒரு குண்டான் நிறைய வெந்நீர் தயாராக இருந்தது. கற்பூர விஷயத்தை விளக்கினேன். மாப்பிள்ளை தலையாட்டினார். நியாயமான சோதனைதான், அவரும் கேள்விப்பட்டிருக்கிறார். அப்புறம் தும்மினார். தொடர்ந்து தும்மினார். இரவெல்லாம் யானைகளோடு பனியில் நின்றதில் மூக்கு கல்லாக அடைத்துக் கிடந்தது. காப்பி வாசனைகூடத் தெரியவில்லை என்றார்.

"அப்ப யாரு மோந்து பாக்கறது?" என்றேன்.

"மாமா பாக்கட்டும்" என்றார் மாப்பிள்ளை. "தெனம் ரெண்டு வேளை கற்பூரம் ஏத்தறவரு. இவரு மூக்கை யாரும் குத்தம் சொல்ல முடியாது."

அண்ணன் எழுந்து போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என் விதி அவர் மூக்கில் வந்து நின்றதை அவர் எவ்வளவு ரசித்தார் என்பதைச் சொல்ல எனக்கு மொழி போதாது.

முதல் கத்தியின் பிடியை வெந்நீரில் முக்கி, துடைத்து, நீட்டினேன். கண்ணை மூடி முகர்ந்தார்.

"கற்பூரம்" என்றார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "பொய்."

"பொய்" என்றேன் நானும்.

அடுத்தது. "பொய்." அடுத்தது. "சுத்தப் பொய் தம்பி இது." எனக்கு அவர் விரோதியா, வக்கீலா என்று புரியாத நிலை. என்னை அவமானப்படுத்துகிற சந்தோஷத்தில் அவர் குரல் ஏற ஏற, தப்பித்துவிடுகிற சந்தோஷத்தில் நானும் எம்பி எம்பி உட்கார்ந்தேன். தங்கத்தை உரசி மாற்றுப் பார்க்கிற ஊரில், ஒவ்வொரு பொருளும் மாற்றுக் குறைந்தது என்று தெரியத் தெரிய ஒருவன் குதூகலப்பட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை. ஒன்றை முகர்ந்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், பழக்கதோஷம். பாதித் தட்டு தாண்டியதும் அவரே தாளம் போட ஆரம்பித்துவிட்டார். "இதுவும் பொய். இவன் பாட்டன் பொய். தம்பி, மூணு பாஷையில எழுதினியே தம்பி."

கடைசியாக மாமனார் கத்தி. முக்கினேன், துடைத்தேன், கொடுத்தேன்.

முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். தாளம் நின்றது.

"இதுல கற்பூரம் இல்லியே" என்றார் மெதுவாக. "வேற வாசனை."

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து கன்னடத்தில் ஏதோ சொன்னார். எனக்குக் காது கேட்கவில்லை. புடவைப் பெட்டி, பாச்சா உருண்டை என்று உளறினேன். அண்ணன் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்திருக்க வேண்டும். "இரு, இரு" என்றார். எழுந்து உள்ளே போனார். சோப்பு போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்டது. புதிதாகத் தண்ணீர் கொதிக்க வைக்கிற சத்தம் கேட்டது. அந்தத் தண்ணீர் கொதிப்பதற்குள் நான் திரியை, துரையை, மானை, காட்டை எல்லாவற்றையும் மனசுக்குள் ஒவ்வொன்றாக வாபஸ் வாங்கினேன்.

கத்தியோடு வந்தார். ஆவி பறக்கும் பிடியை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். வெகுநேரம் மூடியிருந்தார். தன் பூஜை அறையில்கூட அவர் அவ்வளவு நேரம் மூடி நான் பார்த்ததில்லை.

"கற்பூரம்" என்றார். "சாமி சத்தியமா கற்பூரம். பாச்சா உருண்டைக்கு அடியில கீது. இந்தா, நீயே பாரு."

பார்த்தேன். மெலிதாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், மார்கழி விடியலில் அம்மன் கோயில் வாசலில் நிற்கிற வாசனை.

மாப்பிள்ளை செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். "மாமா, டிபன் இன்னா?" என்றார். தமிழில்.

நான் அந்த வீட்டில் தின்ற இட்லிகளைப் பற்றி அண்ணன் மனைவி இன்னும் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. சாப்பிட்டுக் கைகழுவியதும் பேனா வாங்கி, அட்டையில் அசல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் போலி என்று சேர்த்தேன், மூன்று பாஷையிலும். அசல் போலி மான்கொம்பு. அதுவும் பொய்யில்லை. எத்தனையோ போலிகளுக்குத் தாங்கள் போலி என்பதற்கு சாட்சியே கிடையாது. என்னுடையவற்றுக்கு இரண்டு வேளை பூஜை செய்கிற மூக்கு சாட்சி.

கிளம்பும்போது அண்ணன் வாசல்வரை வந்தார். "ஒண்ணு கேக்கணும் தம்பி. உங்க மாமனாரு கத்தி, அது நெஜமாவே உள்ள போச்சா?"

"தினமும் ஷிஃப்டுக்கு எடுத்துக்கிட்டுப் போவார் அண்ணே. அதில் மட்டும் பொய்யே இல்லை."

"அப்ப அது மொத வரிசை. அடுத்த வருஷம் விளக்குக்குப் பக்கத்துல வை. கேஜுல எறங்கின பொருளுக்குக் கொம்பு எதுக்கு?"

முதல் வரிசை. இத்தனை வருஷம் மூன்றாம் வரிசையில் எலியோடும் கத்தியோடும் மன்றாடியவனுக்கு முதல் வரிசை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான் தூரம். நான் தெருக்கோடிவரை போய்ச் சுற்றிக்கொண்டு, வெல்வெட் தட்டை மார்போடு அணைத்தபடி, எதிர்ப்பட்ட எல்லோரிடமும் "எல்லாமே போலி, ஒண்ணுகூட அசல் இல்ல" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மனைவி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரிசையைச் சொன்னேன். பிறகு குரலைத் தாழ்த்தி, அவள் மனசு நோகாதபடி, அப்பா கத்தியும் கொம்பு இல்லை என்பதைச் சொன்னேன்.

"அதான் தெரியுமே" என்றாள். "அப்பா சின்ன வயசுல பங்காருபேட்டை ஸ்டேஷன்ல வாங்கினாரு. பிளாட்பாரத்துல வித்துக்கினு போவானே, அவன்கிட்ட. பழைய சோத்துக்கு வெங்காயம் அரியணும்னு ஷிஃப்டுக்கு எடுத்துக்கினு போவாரு."

"அப்போ அந்தத் துரை?"

"பொண்ணு பாக்க வந்தப்ப நீங்க தானே மான்கொம்பான்னு கேட்டீங்க. மாப்பிள்ளை ஆசையா கேக்கறாரு, இல்லன்னு சொல்ல அப்பாவுக்கு மனசு வரல."

நான் தட்டைத் தரையில் வைத்தேன். "ஆயுத பூஜை அன்னைக்கே இதை நீ சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்" என்றாள், ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டபடி. "ஆனா அன்னையிலேர்ந்து கத்தியைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம இருந்தீங்க. வீடு இன்னா அமைதியா இருந்துச்சு தெரியுமா. ஞாயித்துக்கெழம வரைக்கும் போவட்டும்னு விட்டுட்டேன்."